மூன்று மில்லிமீட்டர் சந்து

விரலை மடக்கி, முட்டியால் உங்கள் குளியலறைச் சுவரை ஒருமுறை தட்டிப் பாருங்கள். தரையிலிருந்து தோள் உயரம் வரை ஒவ்வொரு டைலாகத் தட்டிக்கொண்டே போனால், பெரும்பாலானவை ‘டக், டக்’ என்று ஒரே குரலில் பதில் சொல்லும். ஷவருக்குக் கீழேயோ குழாய்க்குப் பக்கத்திலோ ஏதாவது ஒன்று மட்டும் ‘டொக்’ என்று குரல் மாறும். காலிப் பானையைத் தட்டினாற்போல் இருக்கும். அங்கே டைலுக்கும் சுவருக்கும் நடுவே பிடிப்பு விட்டுப் போய், காற்று புகுந்திருக்கிறது. சுவரோடு இறுகிய டைல் தனியாக அதிர முடியாது. தட்டிய அதிர்வைச் சுவர் வாங்கிக்கொள்ளும். பிடிப்பு விட்ட டைலோ மேளத்தின் தோலைப் போல வளைந்து அதிர்கிறது. அதனால் ஒலி தாழ்கிறது, சற்று நேரம் நீடிக்கவும் செய்கிறது. விமானத்தின் உடலில் அடுக்குகள் பிரிந்திருக்கின்றனவா என்று பார்க்கப் பொறியாளர்கள் நாணயத்தால் தட்டிக் கேட்பதும் இதே முறைதான்.

எங்கள் வீட்டில் இப்படிக் குரல் மாறிய டைல் ஒன்றை இரண்டு ஆண்டுகள் கவனிக்காமல் விட்டேன். ஒருநாள் அதிகாலை அது வாளிக்குள் விழுந்து வீட்டையே எழுப்பியது. பார்க்க வந்த மேஸ்திரி சுவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வாளியில் கிடந்த டைலை எடுத்துத் திருப்பினார். “மூஞ்சியப் பாத்தா ஒண்ணும் தெரியாது தம்பி, முதுகப் பாக்கணும்” என்றார். அந்த முதுகு துடைத்துவைத்தாற்போல் சுத்தமாக இருந்தது. ஒன்பது ஆண்டுகள் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்ததற்கான தடயமே அதில் இல்லை.

அந்தச் சுத்தமான முதுகுக்கு என்ன பொருள் என்று தேடப் போனதில் கற்றுக்கொண்டவைதான் இந்த அத்தியாயம்.

எடையின் மேல் பழி போட முடியாது

டைல் விழுந்தால் நாம் முதலில் சந்தேகப்படுவது அதன் எடையை. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இரண்டடிக்கு ஓரடி அளவுள்ள சுவர் டைல் ஒன்று சுமார் 3 கிலோ இருக்கும். அதன் முதுகின் பரப்பு ஏறத்தாழ 1,800 சதுர சென்டிமீட்டர். டைல் ஒட்டும் பசைக்கான ஐரோப்பியத் தர அளவுகோலில் அடிப்படை வகைக்கே ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 0.5 நியூட்டன் பிடிப்பு இருக்க வேண்டும். நம் கணக்கில் சொன்னால், ஒரு சதுர சென்டிமீட்டர் பசை 5 கிலோ இழுப்பைத் தாங்கும். விரல் நகம் அளவுக்குப் பசை ஒழுங்காகப் பிடித்திருந்தாலே முழு டைலையும் தூக்கி நிறுத்திவிடலாம். 1,800 சதுர சென்டிமீட்டர் இருந்தும் அது விழுகிறது என்றால், அதைக் கீழே தள்ளியது எடை அல்ல, வேறு ஏதோ ஒரு விசை. அது எடையைவிடப் பல மடங்கு பெரியது.

பிடிப்பு என்பது என்ன?

அந்த விசையைப் பார்ப்பதற்கு முன், டைல் சுவரைப் பிடித்திருப்பது எப்படி என்று பார்த்துவிடலாம்.

1824-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். சிமெண்ட் காய்ந்து இறுகுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது தண்ணீரைக் குடித்து இறுகுகிறது. அதிலுள்ள கால்சியம் சிலிக்கேட்டுகள் தண்ணீரோடு வினைபுரிந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைகளும் கூழும் சேர்ந்த வலையாக வளர்கின்றன. பக்கத்தில் நுண்துளைகள் இருந்தால் அவற்றுக்குள்ளும் அந்த வலை நுழைந்து வேர் பிடிக்கிறது. தண்ணீர் பாதியில் தீர்ந்துபோனால் வேர் வளர்வதும் பாதியில் நின்றுவிடும்.

பழைய கொத்தனார்கள் டைல்களை ஒட்டுவதற்கு முன் தொட்டியில் ஊறப்போட்டதன் காரணம் இதுதான். பீங்கான் சுவர் டைலின் உடம்பு செங்கல்லைப் போல நுண்துளை நிறைந்தது. தன் எடையில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் தண்ணீரை உறிஞ்சக்கூடியது. உலர்ந்த டைலைக் கலவையில் வைத்தால், சிமெண்டுக்குச் சேர வேண்டிய தண்ணீரை டைலே குடித்துவிடும்.

இப்போது பலர் சுவருக்கும் வாங்கும் விட்ரிஃபைட் டைலின் கதை வேறு. மிக அதிக வெப்பத்தில் சுட்டு, துளைகளையெல்லாம் மூடிவிட்ட டைல் அது. அரை சதவீதத் தண்ணீர்கூட அதற்குள் போகாது. துளை இல்லாத இடத்தில் சிமெண்ட் எங்கே வேர்விடும்? ஊறப்போட்டும் பயனில்லை. உங்கள் டைல் எந்த வகை என்று அறிய முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சில நொடிகளில் மறைந்தால் பீங்கான். முத்துப்போல நின்றால் விட்ரிஃபைட். விட்ரிஃபைட் டைலைப் பழைய பழக்கத்தில் வெறும் சிமெண்ட் பாலில் ஒட்டினால், சில ஆண்டுகளில் முதுகு சுத்தமாகக் கழன்று வரும். எங்கள் வீட்டு டைலுக்கு நேர்ந்தது அதுதான்.

இதற்கு விடை 1950-களிலேயே வந்துவிட்டது. அமெரிக்க வேதிப் பொறியாளர் ஹென்றி ரோத்பெர்க், சிமெண்டோடு ரப்பர்ப்பால் போன்ற லேடெக்ஸைச் சேர்த்து, சில மில்லிமீட்டர் கனத்திலேயே டைலை ஒட்டும் முறையை உருவாக்கினார். இன்று மூட்டையில் கிடைக்கும் டைல்ஸ் பசை அதன் வழிவந்தது: சிமெண்ட், மணல், பாலிமர்த் தூள், கொஞ்சம் செல்லுலோஸ் சேர்மம். பாலிமர் மெல்லிய படலமாகப் பரவி, துளையே இல்லாத பரப்பையும் பற்றிக்கொள்கிறது. செல்லுலோஸ் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துவைத்து, சிமெண்டுக்கு மெல்ல மெல்ல ஊட்டுகிறது. சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய்ச் சாறும் வெல்லமும் கலந்த நம் ஊர்க் கொத்தர்களும் தாவரப் பொருளைக் கொண்டு சாந்தின் குணத்தை மாற்றத் தெரிந்தவர்கள்தான்.

அரை மில்லிமீட்டரின் பலம்

இனி அந்தப் பெரிய விசைக்கு வருவோம். சுவர் அசையாது என்பது நம் நம்பிக்கை. ஆனால் குளியலறைச் சுவரின் ஒவ்வொரு அடுக்கும் தன் போக்கில் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

முதலில் கலவை. ஈரம் வற்ற வற்றச் சிமெண்ட் கலவை சுருங்குகிறது. ஒரு மீட்டர் நீளத்துக்கு அரை மில்லிமீட்டரோ அதற்கு மேலோ சுருங்கும். டைல் சுருங்காது.

அடுத்தது டைல். சுட்ட மண்ணுக்கு வியப்பான ஒரு குணம் உண்டு. சூளையிலிருந்து வெளியே வந்த நாள் முதல் அது காற்றிலுள்ள ஈரத்தைத் தன் படிகக் கட்டமைப்புக்குள் சேர்த்துக்கொண்டு மெல்ல மெல்லப் பெருக்கிறது. வெயிலில் காயவைத்தாலும் இந்தப் பெருக்கம் திரும்பாது. இதன் வேகத்துக்கான விதியை மான்செஸ்டர் ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்டார்கள். காலத்தின் நான்காம் மூலத்துக்கு ஏற்ப அது நடக்கிறது. முதல் ஓராண்டில் எவ்வளவு நீண்டதோ, அதே அளவு மறுபடி நீள இன்னும் 15 ஆண்டுகள் ஆகும். நின்றுவிட்டது போலத் தோன்றும், ஆனால் நிற்காது. நுண்துளை நிறைந்த டைலில் இது மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் வரை போகலாம். விட்ரிஃபைட்டில் அனேகமாக இல்லை.

மூன்றாவது, வெந்நீர். கீசரிலிருந்து வரும் தண்ணீர் பட்டதும் டைலின் வெப்பம் 15 டிகிரி உயர்ந்தால், ஒரு மீட்டர் வரிசை பத்தில் ஒரு மில்லிமீட்டர் நீளும். பின்னாலிருக்கும் சுவர் இன்னும் குளிர்ந்தே இருக்கும். அளவு சிறிதுதான். ஆனால் தினம் இரண்டு குளியல் என்றால் ஆண்டுக்கு எழுநூறு முறைக்கு மேல் டைல் நீண்டு சுருங்குகிறது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிவதைப்போல, பசையும் இப்படித்தான் சோர்கிறது.

அரை மில்லிமீட்டர் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். பள்ளிப் பிள்ளைகளின் 30 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றை மேசைமேல் படுக்கவைத்து, இரு முனைகளையும் விரல்களால் உள்ளே தள்ளுங்கள். ஒரே ஒரு மில்லிமீட்டர் நெருக்கினாலே நடுப்பகுதி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் எழும்பிவிடும். சுவரிலும் இதே வடிவியல்தான். இரு மூலைகளுக்கு நடுவே சந்தே இல்லாமல் இறுக்கி ஒட்டிய ஒரு மீட்டர் டைல் வரிசையை எடுத்துக்கொள்வோம். அதற்கு அரை மில்லிமீட்டர் நீளம் கூடி, பிடிப்பும் விட்டுப்போனால், அது நடுவில் கூரைபோல் சுமார் 16 மில்லிமீட்டர் எழும்ப வேண்டியிருக்கும். சில வீடுகளில் நள்ளிரவில் ‘டமார்’ என்ற சத்தத்தோடு தரை டைல்கள் கூடாரம் போல எழும்பி நிற்பதற்குக் காரணம் இதுதான். பல ஆண்டுகள் சேர்ந்த அழுத்தம் ஒரு நொடியில் வெளியேறுகிறது.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது?

அசைவு ஒரு மயிரிழை விரிசலைத் தந்துவிட்டால், மீதி வேலையைத் தண்ணீர் பார்த்துக்கொள்கிறது. டைல்களுக்கு நடுவே நிரப்பும் கிரவுட் தண்ணீரைத் தடுத்துவிடும் என்று நாம் நம்புகிறோம். சிமெண்ட் கிரவுட் நுண்துளை நிறைந்தது, ஈரத்தை உறிஞ்சும். மெல்லிய குழாயில் தண்ணீர் தானாக மேலேறும் விதியை 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கில மருத்துவர் ஜேம்ஸ் ஜூரின் வகுத்தார். குழாய் எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம். ஒரு மில்லிமீட்டர் அகலக் குழாயில் 3 சென்டிமீட்டர். தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு அகலமுள்ள குழாயில் ஒன்றரை மீட்டர். தரையோரத்தில் நுழைந்த ஈரம் இடுப்பு உயரத்தில் ஓதமாகத் தெரிவது இப்படித்தான்.

ஏறிய தண்ணீர் சும்மா இருப்பதில்லை. இறுகிய சிமெண்டில் கால்சியம் ஹைட்ராக்சைடு நிறைய உண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் அதில் ஒன்றரை கிராம் அளவுக்குக் கரைத்து வெளியே கொண்டுவரும். வெளியே வந்தது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து, கிரவுட் ஓரங்களில் வெள்ளையாகப் பூக்கிறது. உப்பு பூத்திருக்கிறது என்று துடைத்துவிடுகிறோம். சுவருக்குள்ளிருந்து பிடிப்புதான் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது என்று அதைப் படிக்க வேண்டும்.

அந்த வெள்ளையைப் போக்க நம் வீடுகளில் ஆசிட் ஊற்றிக் கழுவும் வழக்கம் உண்டு. ஊற்றியதும் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்து அழுக்கு போகிறது என்று மகிழ்கிறோம். பொங்குவது கார்பன் டை ஆக்சைடு, கரைவது கிரவுட். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சிமெண்டின் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரையும் உப்பாக மாற்றிக் கழுவிவிடுகிறது. மாதம் ஒருமுறை ஆசிட் ஊற்றும் வீட்டில் கிரவுட் பள்ளம் விழுந்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இந்த ஒரு பழக்கத்தை விட்டாலே டைல்களின் ஆயுள் கூடும்.

கெய்ரோவுக்கு அருகே, விண்வெளிக்கு அருகே

கழலும் டைல் இன்று நேற்று வந்த கவலை அல்ல. எகிப்தின் சக்காராவில், கி.மு. 2650-ஐ ஒட்டி அரசர் ஜோசருக்காக எழுந்த படிப் பிரமிடின் அடியிலுள்ள அறைகளில் சுமார் 36,000 நீலநிற டைல்கள் பதிக்கப்பட்டன. ஒவ்வொன்றின் முதுகிலும் துளையிட்ட ஒரு முனை உண்டு. அதில் கயிற்றைக் கோத்துக் கட்டிய பிறகே சாந்தில் பதித்தார்கள். சாந்தை மட்டும் நம்ப அவர்கள் தயாராக இல்லை.

அதே கவலை 1979-இல் அமெரிக்காவுக்கும் வந்தது. கொலம்பியா விண்ணோடத்தின் வெப்பக் கவசம் சுமார் 31,000 சிலிக்கா டைல்களால் ஆனது. அடிப்பக்கத்துக் கறுப்பு டைல்களில் பெரும்பாலானவை ஆறங்குலச் சதுரம், நம் பழைய குளியலறை டைல்களின் அதே அளவு. அந்த ஆண்டு மார்ச்சில் விண்ணோடம் புளோரிடாவுக்கு வந்து சேர்ந்தபோது பல ஆயிரம் டைல்கள் ஒட்டப்படாமலே இருந்தன. ஒட்டியவற்றிலும் பல, போதிய பிடிப்பில்லாதவை என்று சோதனைகள் காட்டின.

சிக்கல் நம்முடையதேதான், அளவு மட்டும் பெரிது. ஆறங்குல அலுமினியம் 150 டிகிரி சூடேறினால் அரை மில்லிமீட்டர் நீளும். சிலிக்கா அதில் நாற்பதில் ஒரு பங்குகூட நீளாது. இரண்டையும் நேராக ஒட்டினால் டைல் உடையும். பொறியாளர்கள் இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் கனத்தில் நோமெக்ஸ் இழைக் கம்பளத்தை வைத்து, வளைந்துகொடுக்கும் சிலிக்கோன் பசையால் ஒட்டினார்கள். பக்கத்து டைலோடு முட்டாதபடி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சந்து விட்டார்கள். பலவீனமான முதுகுகளைக் கெட்டிப்படுத்த, சிலிக்கா குழம்பை அவற்றில் பூசினார்கள். கொத்தனார் டைலின் முதுகில் பசையைத் தேய்த்துவிட்டு ஒட்டுவதும் இதே நோக்கில்தான். 1981 ஏப்ரல் 12 அன்று கொலம்பியா பறந்தது. (2003-இல் கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரோடு அது அழிந்ததற்கு இந்த டைல்கள் காரணமல்ல. ஏவும்போது கழன்று மோதிய நுரைத் துண்டு, இடது இறக்கையின் முன்விளிம்பிலிருந்த கார்பன் பலகையை உடைத்ததே காரணம்.)

கம்பளம், வளையும் பசை, சந்து. மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான். டைல் அசையட்டும், அசைவது பசையைக் கிழிக்காமல் இருக்கட்டும்.

முதுகைப் படிப்பது

இப்போது கழன்ற டைலைத் திருப்பிப் பாருங்கள். அது எந்தப் பக்கம் பிரிந்திருக்கிறது என்பதிலேயே நோய் எழுதியிருக்கிறது.

முதுகு சுத்தமாக, கலவை முழுக்கச் சுவரிலேயே இருந்தால், டைலோடுதான் பிடிப்பு ஏற்படவில்லை. விட்ரிஃபைட் டைலை வெறும் சிமெண்டில் ஒட்டியிருக்கலாம், முதுகில் சூளைத் தூசு இருந்திருக்கலாம், அல்லது பூசிய பசை டைல் வைப்பதற்குள் ஆடை கட்டியிருக்கலாம்.

கலவை டைலோடு பெயர்ந்து வந்து, சுவர் வழவழவென்று இருந்தால், குற்றம் சுவர் பக்கம். பழைய பெயிண்டின் மேலோ, தூசியின் மேலோ, கொத்திவிடாத பூச்சின் மேலோ ஒட்டியிருக்கிறார்கள்.

இரண்டு பக்கமும் கலவை இருந்து, நடுவில் பிளந்து, விரலால் சுரண்டினால் மணலாக உதிர்ந்தால், கலவையே வலுவில்லாதது. சிமெண்ட் குறைவு, அல்லது தண்ணீர் போதாமல் பாதியில் காய்ந்த கலவை.

நான்கைந்து இடத்தில் உருண்டை உருண்டையாகக் கலவை வைத்த தடம் தெரிந்தால், உருண்டைகளுக்கு நடுவே இத்தனை நாளும் தண்ணீர் குளம்போலத் தேங்கியிருந்தது என்று பொருள்.

சரிசெய்வது

முதல் வேலை, சுவர் முழுவதையும் தட்டி, குரல் மாறும் டைல்களில் பென்சிலால் குறியிடுவது. ஒன்றிரண்டு என்றால் அவற்றை மட்டும் மாற்றலாம். பாதிக்கு மேல் வெற்றொலி தந்தால் அந்தச் சுவரையே புதிதாகச் செய்வதுதான் சிக்கனம். சுவருக்குள் போகும் குழாயில் கசிவு இருக்கிறதா என்றும் பிளம்பரை வைத்து அழுத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். கசிவை விட்டுவிட்டு டைலை மட்டும் ஒட்டினால் டைல் மறுபடி கழன்று வரும்.

கீசரின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, டைலைச் சுற்றியுள்ள கிரவுட்டை முதலில் சுரண்டி எடுக்க வேண்டும். கிரவுட் இருக்கும்போது நெம்பினால் பக்கத்து டைல் உடையும். கட்டர் போட்டால் பறக்கும் தூசியில் நுண்ணிய சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் படிந்தால் அது திரும்ப வராது. தண்ணீர் தெளித்து அறுக்க வேண்டும். நல்ல முகக்கவசமும் கண்ணாடியும் அணிய வேண்டும். வேலை செய்பவருக்கு அவற்றை வாங்கிக் கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை.

பிறகு சுவர் காய வேண்டும். எல்லோரும் தவறவிடும் படி இது. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் உட்புறம் நீர்த்துளி கோத்திருந்தால் சுவர் இன்னும் ஈரம். காய்ந்ததும் தளர்ந்த பூச்சைக் கொத்தி எடுத்து, தூசி போகத் துடைத்து, நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கோட் அடிக்கலாம்.

பசையைப் பையில் அச்சிட்ட அளவுத் தண்ணீரிலேயே கலக்க வேண்டும். பல் வைத்த கரண்டியால் ஒரே திசையில் கோடு கோடாக இழுத்தால், டைலை அழுத்தும்போது காற்று அந்தக் கோடுகளின் வழியே வெளியேறும். பூசிய இருபது நிமிடத்துக்குள் டைல் வைக்க வேண்டும். நம் ஊர் வெயிலிலும் காற்றிலும் அதற்கு முன்பே ஆடை கட்டும். விரலால் தொட்டுப் பாருங்கள். பசை விரலில் ஒட்டாவிட்டால் வழித்தெடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். டைலின் முதுகிலும் மெல்லியதாகப் பசையைத் தேயுங்கள். முதல் டைலை அழுத்தி ஒட்டியவுடனேயே ஒருமுறை பெயர்த்துப் பாருங்கள். தண்ணீர் புழங்கும் இடத்தில் முதுகின் 95 சதவீதமாவது பசையால் மூடியிருக்க வேண்டும் என்பது தொழில்நுட்ப விதி.

கிரவுட் போட ஒரு நாளாவது பொறுக்க வேண்டும். எபாக்ஸி கிரவுட் விலை கூடுதல். தண்ணீரும் ஆசிட்டும் அதை எளிதில் தொடாது. சுவரும் சுவரும், சுவரும் தரையும் சேரும் மூலைகளில் மட்டும் கிரவுட் வேண்டாம். இரண்டு பரப்புகள் இரண்டு திசையில் நகரும் இடம் அது. இறுகிய எதுவும் அங்கே நிற்காது. வளையும் சிலிக்கோன் நிற்கும்.

எங்கள் மேஸ்திரி பழைய டைலின் முதுகைத் தேய்த்துச் சுத்தம் செய்து அதையே திரும்ப ஒட்டினார். அந்த டிசைன் இப்போது வருவதில்லை. மேலிருந்து கீழாக அந்தப் பத்தியில் குரல் மாறியிருந்த மற்ற மூன்றையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்தார். முன்பு அவை ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தன. நாங்கள்தான் அப்படிக் கேட்டிருந்தோம்; ஒரே பலகைபோல் வழவழவென்று இருந்தால் அழகு என்று. சந்துக்கு இடம் காண, மேல் வரிசை டைலின் ஓரத்தைச் சிறிது அறுக்க வேண்டியிருந்தது.

“சந்து இவ்வளவு தெரியணுமாண்ணே?” என்றேன்.

“வெந்நி பட்டா அது எங்க போவும் தம்பி? போக எடம் விடணும்ல” என்றார், ஸ்பேசரைச் சரிசெய்தபடி.

ஜூரினையும் மான்செஸ்டரையும் கொலம்பியாவையும் படித்துவிட்டு நான் வந்து சேர்ந்த இடத்தில் அவர் முன்பே உட்கார்ந்திருந்தார். அடுத்த முறை டைல் ஒட்டும்போது சந்தே தெரியாமல் வேண்டும் என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்டால், அந்தப் பிளாஸ்டிக் ஸ்கேலை மேசைமேல் வைத்து ஒரு மில்லிமீட்டர் நெருக்கிக் காட்டுங்கள்.